நாலு பேரை விட்டுட்டு என்மேல் மட்டும் வழக்கா? பாரபட்ச வழக்கு என்ற வாதம் எங்கே எடுபடும்

கேள்வி இதுதான். தாராபுரம் பக்கம் ஒரு கிராமத்தில், ஓடைக்கரையை ஒட்டி ஐந்து பேர் அனுமதிச் சீட்டு இல்லாமல் கிராவல் எடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பேர் பணம் கட்டி விஷயத்தை முடித்துக்கொண்டார்கள். இரண்டு பேரை யாரும் ஏனென்று கேட்கவில்லை. அக்டோபர் 2 கிராம சபையில் ஊராட்சிக் கணக்கைக் கேட்டு வாதாடிய ஐந்தாமவர்மேல் மட்டும் சில வாரங்களில் முதல் தகவல் அறிக்கை பதிவாகிவிட்டது. "ஆள் பார்த்துப் போட்ட வழக்கு என்று சொல்லி இதை ரத்து செய்ய முடியுமா?" என்று அவர் கேட்கிறார்.

அந்த ஒரு வாதத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் முடியாது. ஆனால் தூக்கிப் போட வேண்டிய வாதமும் இல்லை. மற்ற நால்வரை நீங்கள் ஒரே கூட்டமாகப் பார்க்கிறீர்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் இரண்டு வகை. பணம் கட்டி முடித்த இருவரால் உங்களுக்கு ஆதாயம் உண்டு. யாரும் கேட்காமல் விட்ட இருவரால் கிட்டத்தட்ட ஒன்றுமே இல்லை. பலர் நேர்மாறாக, கேட்காமல் விடப்பட்டவர்களைக் காட்டியே மனு முழுக்க எழுதித் தோற்கிறார்கள்.

"பாரபட்ச வழக்கு" என்ற தனிப் பெயரோடு இந்த வாதம் வளர்ந்தது அமெரிக்காவில். 1886-ல் தீர்ப்பான யிக் வோ வழக்குதான் வேர். சான் பிரான்சிஸ்கோவில் மரக் கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்த மேற்பார்வையாளர் குழுவின் அனுமதி வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. ஊரில் சுமார் 320 சலவைக்கூடங்கள், அவற்றில் சுமார் 240 சீனர்களுடையவை. அனுமதி கேட்ட 200 சீனர்களுக்கும் மறுப்பு. சீனர் அல்லாத 80 பேரில் ஒருவரைத் தவிர எல்லாருக்கும் அனுமதி. விதி எழுத்தில் நடுநிலையாக இருந்தாலும், அதைப் பாரபட்சமாகப் பிரயோகித்தால் அது சமத்துவ மறுப்புதான் என்று சொல்லி உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இந்த வாதம் அவ்வளவு சுத்தமாக வென்ற வழக்குகள் அதன்பின் மிகக் குறைவு. 1962-ல் ஆய்லர் வழக்கில், சிலர்மேல் வழக்குப் போட்டுச் சிலரை விடுவது மட்டுமே சமத்துவ மறுப்பு ஆகாது; இனம், மதம் போன்ற ஏற்க முடியாத அளவுகோலில் ஆளைத் தேர்ந்திருக்க வேண்டும் என்றார்கள்.

1985-ன் வெய்ட் வழக்கு நம் ஊருக்கு நெருக்கமானது. ராணுவப் பதிவேட்டில் பெயர் பதியாத இளைஞர்கள் லட்சக்கணக்கில் இருந்தபோது, பதியமாட்டேன் என்று தாங்களே கடிதம் எழுதியவர்கள்மேலும், பிறர் காட்டிக்கொடுத்தவர்கள்மேலும் மட்டும் அரசு நடவடிக்கை எடுத்தது. பேச்சுக்காகத்தானே தண்டிக்கிறீர்கள் என்ற வாதம் தோற்றது. பாதிப்பு ஒருபக்கமாக விழுந்ததைக் காட்டினால் போதாது, அந்தப் பாதிப்புக்காகவே தேர்ந்தெடுத்தார்கள் என்ற நோக்கத்தையும் காட்ட வேண்டும் என்றது நீதிமன்றம். கொங்குப் பக்கம் கள் இறக்கும் போராட்டங்களில் நாள் குறித்து, அறிவித்து மரமேறுபவர்மேல் மட்டும் வழக்கு வந்தால் அவருடைய நிலையும் இதுதான்: அறிவித்தவர் தானாகவே போலீஸ் கண்ணில் படுகிறார், அதனால் மட்டும் அது பழிவாங்கல் ஆகிவிடாது.

1996-ன் ஆர்ம்ஸ்ட்ராங் வழக்கு கதவை இன்னும் இறுக்கியது. லாஸ் ஏஞ்சல்ஸில் கிராக் கோக்கெய்ன் என்ற போதைப்பொருள் பற்றிய வழக்கு அது. பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞர் அலுவலகம் 1991-ல் முடித்த அந்த வகை வழக்குகள் 24-லும் குற்றம்சாட்டப்பட்டவர்கள் கறுப்பினத்தவரே என்று பிரமாண வாக்குமூலம் போட்டார்கள். போதாது, இதே நிலையில் இருந்த வேறு இனத்தவரை விட்டுவிட்டார்கள் என்பதற்குச் சிறிதளவாவது ஆதாரம் காட்டினால்தான் அரசுத் தரப்பின் ஆவணங்களையே கேட்க முடியும் என்று தீர்ப்பானது. ஆவணம் கிடைத்தால்தான் நிரூபிக்கலாம், நிரூபித்தால்தான் ஆவணம் கிடைக்கும் என்ற இந்த முடிச்சை அங்குள்ள வழக்கறிஞர்களே இன்றுவரை குறை சொல்கிறார்கள். இன்னொன்று: அங்கேயும் இது "நான் செய்யவில்லை" என்னும் வாதம் அல்ல. விசாரணை தொடங்குவதற்கு முன்பே நீதிபதியிடம் எழுப்ப வேண்டிய ஆட்சேபணை, ஜூரியிடம் போகாது.

இந்தியாவில் இந்தப் பெயரில் தனியாக ஒரு பாதுகாப்பு வாதம் கிடையாது. சட்டத்தின்முன் எல்லாரும் சமம் என்னும் அரசியலமைப்பின் 14-ம் பிரிவு இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. 1952-லேயே அன்வர் அலி சர்க்கார் வழக்கில், எந்த வழக்கைச் சிறப்பு நீதிமன்றத்துக்கு அனுப்புவது என்பதை வரையறையின்றி அரசின் இஷ்டத்துக்கு விட்ட மேற்கு வங்கச் சட்டப்பிரிவு அடிபட்டது. ஆனால் அங்கே கேள்வி, ஒருவனை எந்த நடைமுறையில் விசாரிப்பது என்பது. வழக்கே போடாமல் விட்டவனைக் காட்டி என்னையும் விடு என்பது வேறு. அதற்கு நம் நீதிமன்றங்கள் சொல்லும் பதில், தவறில் சமத்துவம் கேட்க முடியாது என்பதே. 1995-ன் சண்டிகர் நிர்வாகம் எதிர் ஜக்ஜித் சிங் தீர்ப்பு இதைத் தெளிவாகச் சொன்னது: அதிகாரி ஒருவருக்குச் சட்டவிரோதமாகச் சலுகை காட்டினால், அதையே இன்னொருவருக்கும் காட்டு என்று நீதிமன்றம் உத்தரவிடாது. உங்கள் ஊரில் யாரும் கேட்காமல் விட்ட இருவர் இந்தக் கணக்கில்தான் வருகிறார்கள். அவர்கள்மேல் நடவடிக்கை எடு என்று வேண்டுமானால் கேட்கலாம்; என்னை விடு என்று கேட்க முடியாது.

பணம் கட்டி முடித்தவர்கள் கதை அப்படியல்ல. 1957-ன் கனிமங்கள் சட்டத்தில் பிரிவு 21 இத்தகைய குற்றத்துக்கு 5 ஆண்டு வரை சிறையும், ஹெக்டேருக்கு 5 லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. அதே சட்டத்தின் பிரிவு 23ஏ, வழக்குத் தொடுக்கும் முன்போ பின்போ, ஒரு தொகையைப் பெற்றுக்கொண்டு குற்றத்தைச் சமரசமாக முடிக்க அதிகாரம் பெற்ற அலுவலரை அனுமதிக்கிறது. இது சட்டமே தரும் வழி. ஆக அந்த இருவருக்குக் கிடைத்தது சட்டப்படியான சலுகை. அதே நிலையில் உள்ள உங்களுக்குக் காரணம் சொல்லாமல் மறுத்தால், அது தவறில் சமத்துவம் கேட்பதாகாது. 14-ம் பிரிவு உயிரோடு வேலை செய்யும் இடம் இதுதான். குவாரி, ஆற்று மணல், மின்திருட்டு என்று சமரசத்துக்கு வழியுள்ள எந்தச் சட்டத்துக்கும் இந்தத் தர்க்கத்தை நீட்டலாம்.

செய்ய வேண்டியது: அபராதம் கட்டியவர்களின் விவரத்தோடு, எனக்கும் பிரிவு 23ஏ-யின்கீழ் பரிசீலியுங்கள் என்று உரிய அலுவலருக்குப் பதிவுத் தபாலில் மனு அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். பதில் வராவிட்டாலோ காரணமின்றி மறுத்தாலோ அரசியலமைப்பின் 226-ம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. பெரும்பாலும், குறித்த காலத்துக்குள் பரிசீலித்துக் காரணத்தோடு உத்தரவு போடு என்ற அளவில்தான் தீர்ப்பு வரும். அது சின்ன விஷயமல்ல. அந்த உத்தரவில் உங்களையும் மற்ற இருவரையும் வேறுபடுத்தும் காரணத்தை அவர்கள் எழுத்தில் தந்தாக வேண்டும். எழுத முடியாத காரணமாக இருந்தால் அடுத்த சுற்றில் அதுவே உங்கள் ஆயுதம்.

ஒரு எச்சரிக்கை. 23ஏ கனிமச் சட்டக் குற்றத்தை மட்டும்தான் மூடும். போலீஸ் பாரதிய நியாய சன்ஹிதாவின் (பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 303(2) திருட்டுப் பிரிவையும் சேர்த்திருந்தால் அது தனியாக ஓடும். 2014-ல் சஞ்சய் வழக்கிலும், 2020-ல் ஜெயந்த் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதை முடிவு செய்துவிட்டது. புறம்போக்கு மண் என்றால் அரசுச் சொத்தைத் திருடியதாக 305-ஐப் போடவும் இடமுண்டு, அதற்கு 7 ஆண்டு வரை. எனவே முதல் தகவல் அறிக்கையில் எந்தெந்தப் பிரிவு இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். மற்ற இருவர்மேல் திருட்டுப் பிரிவே போடப்படவில்லை என்றால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பழிவாங்கல். கிராம சபையில் பேசியதால்தான் வழக்கு என்ற பகுதி. 1990-ன் பஜன் லால் தீர்ப்பு, முதல் தகவல் அறிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்யக்கூடிய ஏழு வகைகளைச் சொன்னது. ஏழாவது வகை, தனிப்பட்ட பகையால் பழிதீர்க்கத் தொடுத்த வழக்கு. எல்லா மனுவிலும் இந்த ஏழாவதை மேற்கோள் காட்டுவார்கள். ஆனால் அந்த வழக்கிலேயே பழிவாங்கல் வாதம் ஜெயிக்கவில்லை என்பதைப் பலர் கவனிப்பதில்லை. முதல் தகவல் அறிக்கை நின்றது. புலனாய்வு செய்த அதிகாரிக்கு அதற்குரிய அதிகாரம் முறைப்படி வழங்கப்படவில்லை என்ற காரணத்தால் புலனாய்வுதான் விழுந்தது. 1986-ல் சிவநந்தன் பாஸ்வான் வழக்கில், போதிய ஆதாரம் உள்ள வழக்கு, புகார் கொடுத்தவரின் பகையாலோ அரசியல் காழ்ப்பாலோ கெட்டுப்போகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டிலிருந்தே போன 1973-ன் ராயப்பா வழக்கில், கெட்ட நோக்கம் சொல்பவர்மேல் நிரூபிக்கும் சுமை மிகக் கனமானது என்றும் சொல்லிவிட்டது.

ஆகவே பகை என்பது தனியாக நிற்கும் தூண் அல்ல, ஏற்கனவே ஆட்டம் காணும் சுவரின்மேல் வைக்கும் பாரம். சுவரை முதலில் ஆட்ட வேண்டும். 2023-ல் முகமது வாஜித் வழக்கில், வீண் வழக்கு என்று சொல்லப்படும்போது உயர் நீதிமன்றம் புகாரின் எழுத்தோடு நிற்காமல் சுற்றியுள்ள சூழ்நிலையையும் ஆவணங்களையும் பார்க்க வேண்டும் என்றது. உங்களுக்கு உதவும் தீர்ப்பு இது. கெட்ட நோக்கம் சொல்வதாக இருந்தால் யார் என்று பெயர் சொல்லி, அவரையே எதிர்மனுதாரராகச் சேர்க்க வேண்டும். "ஆளுங்கட்சிக்காரர்கள் தூண்டுதலால்" என்று பொத்தாம் பொதுவாக எழுதிய பத்தியை நீதிபதி படிக்காமலே தாண்டிவிடுவார்.

சுவர் எங்கே ஆடும்? முதலில் அதிகாரம். கனிமச் சட்டத்தின் பிரிவு 22-ன்படி, அரசு அதிகாரமளித்த நபர் எழுத்தில் புகார் கொடுத்தால்தான் நீதிமன்றம் அந்தச் சட்டக் குற்றத்தை ஏற்க முடியும். போலீஸ் குற்றப்பத்திரிகையை மட்டும் வைத்துக் கனிமச் சட்டப் பிரிவில் வழக்கை ஏற்றிருந்தால் அந்தப் பகுதி நிற்காது. அப்படித் தனிப் புகார் வந்தால், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் இடத்தில் வந்தது) 223-ன்படி, வழக்கை ஏற்பதற்கு முன்பே உங்களைக் கேட்க வேண்டும். 2025-ல் குஷல் குமார் அகர்வால் வழக்கில், இப்படிக் கேட்காமல் ஏற்றதை உச்ச நீதிமன்றம் ரத்தே செய்தது. நோட்டீஸ் வந்தால் வாய்தா வாங்கிப் பொழுதைப் போக்காமல், அந்த நாளிலேயே எழுத்தில் பதில் போடுங்கள்.

இரண்டாவது கணக்கு. கைப்பற்றுதல் மகஜரில் ஒரு டிப்பர், ஒரு பொக்லைன், ஒரே இரவு என்றிருக்கும். வருவாய் ஆய்வாளர் அறிக்கையில் குழியின் அளவு 30 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம், 2 மீட்டர் ஆழம் என்றிருக்கும் என்று வையுங்கள். அது 1,200 கன மீட்டர், அதாவது சுமார் 42,400 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்றால் 424 யூனிட். 3 யூனிட் டிப்பரில் 140 நடைக்கு மேல். ஒரே இரவில் ஒரு வண்டியால் அது நடக்காது. வருஷக்கணக்காக ஊரார் வெட்டிய பழைய குழியை உங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்பது அந்தக் கணக்கிலேயே தெரியும். ஆள் பார்த்துப் போட்ட வழக்குகளில் இப்படித்தான் தடயம் கிடைக்கும். அவசரத்தில் ஒருவரை மட்டும் குறிவைக்கும்போது, ஊர் முழுக்கச் செய்த வேலையை ஒருவர் பெயரில் எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாவது தேதி. கிராம சபைத் தீர்மானப் புத்தகம், நீங்கள் பேசியதன் பதிவு, வி.ஏ.ஓ. புகார் எழுதிய நாள், முதல் தகவல் அறிக்கை நேரம், அது நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம் என எல்லாவற்றையும் ஒரே தாளில் வரிசையாக எழுதுங்கள். குழி பல மாதப் பழையது, புகார் மட்டும் கூட்டத்துக்கு அடுத்த வாரம் என்றால் அந்த வரிசையே பேசும்.

மற்ற நால்வரைப் பற்றிய ஆவணத்தைச் சேர்ப்பது பொறுமையான வேலை. தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போடலாம். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "அவர்கள்மேல் ஏன் வழக்குப் போடவில்லை?" என்று கேட்காதீர்கள். ஏன் என்பது தகவல் அல்ல என்று ஒரே வரியில் திருப்பி அனுப்புவார்கள். குறிப்பிட்ட தேதி முதல் குறிப்பிட்ட தேதி வரை, இந்த வருவாய் கிராமத்தில் சிறு கனிமம் எடுத்தது குறித்து வி.ஏ.ஓ. அனுப்பிய அறிக்கைகளின் நகல், 23ஏ-யின்கீழ் பிறப்பித்த உத்தரவுகளின் நகல், வசூலித்த தொகைக்கான சலான் நகல் என்று கேளுங்கள். உங்கள் சொந்த வழக்குக் கோப்பைக் கேட்டால் புலனாய்வு பாதிக்கும் என்று 8(1)(எச்)-ஐக் காட்டி மறுப்பார்கள். முடிந்துபோன மற்றவர்கள் கோப்புக்கு அந்தச் சாக்கு பொருந்தாது.

புலப்பட வரைபடத்தையும் அ-பதிவேட்டு நகலையும் எடுத்து, ஐந்து பேர் வெட்டிய இடங்களும் எந்தெந்தச் சர்வே நம்பரில் வருகின்றன, பட்டாவா ஓடைப் புறம்போக்கா என்று குறியுங்கள். கூகுள் எர்த்தின் பழைய படங்களில் குழி எப்போது தோன்றியது என்று ஓரளவு பிடிபடும். படம், வீடியோ எதுவானாலும் பாரதிய சாட்சிய சட்டம் 63(4) சான்றிதழோடு வைத்தால்தான் சாட்சியமாகும். பிறகு ஐந்து பேரையும் ஒரே அட்டவணையில் வையுங்கள்: நில வகை, அளவு, இயந்திரம், பழைய வழக்கு, எடுத்த நடவடிக்கை. அரசுத் தரப்பு இந்த ஒவ்வொன்றிலும் வித்தியாசம் தேடும். "அவர்கள் பட்டாக் காட்டில் மாட்டுவண்டியில் எடுத்தார்கள், இவர் புறம்போக்கில் பொக்லைன் விட்டார்" என்று ஒரு வரி சொல்ல முடிந்தால் உங்கள் ஒப்பீடு அங்கேயே முடிந்தது. ஆகவே பொருந்தாத ஆளை எண்ணிக்கைக்காகச் சேர்க்காதீர்கள். அச்சாகப் பொருந்தும் ஒருவர் போதும்.

இதில் சறுக்கும் இடம் ஒன்று உண்டு, பெரிய சறுக்கல். "ஊரே எடுத்தது, நானும் எடுத்தேன், என்னை மட்டும் பிடித்தார்கள்" என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதிவிட்டால் குற்றத்தை நீங்களே ஒப்புக்கொண்டதாகும். ரத்து மனு தோற்று வழக்கு கீழ் நீதிமன்றத்துக்குத் திரும்பும்போது அந்தத் தாள் அரசு வழக்கறிஞர் கையில் இருக்கும். "குற்றச்சாட்டை மறுக்கிறேன், வாதத்துக்காக அதை அப்படியே எடுத்துக்கொண்டாலும்" என்று தொடங்கிய பிறகே ஒப்பீடு வர வேண்டும். சமரச மனுவிலும் உரிமைகளுக்குப் பாதகமின்றி என்ற வரி இருக்கட்டும். மற்றவர் பெயரை எழுதும் முன்னும் யோசியுங்கள். பக்கத்துத் தோட்டத்துக்காரர் பங்காளியாகவோ மாமன் மச்சானாகவோ இருப்பார். நீங்கள் அவரைக் காட்டிக்கொடுத்த மறுநாளே அவர் உங்களுக்கு எதிரான சாட்சி. நீங்கள் எத்தனை நடை எடுத்தீர்கள் என்பது இட்டேரியில், அதாவது தோட்டத்து வண்டிப் பாதையில், வண்டி போனதைப் பார்த்த அவருக்குத்தான் தெரியும்.

அவர்களையும் குற்றவாளியாகச் சேர்க்கச் சொல்லலாமா என்றால், பி.என்.எஸ்.எஸ். 358 (பழைய 319) அதற்கு வழி சொல்கிறது. ஆனால் அது ஒரே சம்பவத்தில் சேர்ந்திருந்து விடுபட்டவர்களுக்கு மட்டும். வேறு சர்வே நம்பரில் வேறு நாளில் வெட்டியவர் வேறு குற்றம். உங்கள் இடத்திலேயே பொக்லைன் ஓட்ட வைத்தவர், மண்ணை வாங்கியவர் விடுபட்டிருந்தால் பொருந்தும். அதற்கும் விசாரணையில் சாட்சியம் பதிவாக வேண்டும். 2014-ன் ஹர்தீப் சிங் தீர்ப்பின்படி, குற்றச்சாட்டு வனைய (நீதிமன்றம் அதை முறைப்படி பதிவு செய்ய) தேவைப்படுவதைவிடக் கூடுதலான ஆதாரம் வேண்டும். இத்தனை செய்தும் நீங்கள் விடுபட மாட்டீர்கள், உடன் ஒருவர் வருவார், அவ்வளவுதான்.

ஒரே வழக்கில் பலர் இருந்தால் சமநிலை வாதம் நன்றாகவே எடுபடும். இணைக் குற்றவாளிக்கு ஜாமீன் கொடுத்திருந்தால் உங்களுக்கும் கேட்கலாம். ஒரே சாட்சியம் இருவர்மேலும் நின்று, ஒருவரை விடுவித்திருந்தால் மற்றவரையும் விடுவிக்க வேண்டும் என்பது 2023-ன் ஜாவேத் சௌகத் அலி குரேஷி தீர்ப்பு. தண்டனை அளவிலும் இது உதவும்.

எப்போது போடுவது என்பதில் என் அபிப்பிராயம், முதல் தகவல் அறிக்கை வந்த சூட்டோடு பி.என்.எஸ்.எஸ். 528-ல் (பழைய 482) ரத்து மனுப் போடாதீர்கள் என்பதே. 2021-ன் நீஹாரிகா தீர்ப்புக்குப் பிறகு புலனாய்வை நடுவில் நிறுத்த நீதிமன்றங்கள் தயங்குகின்றன. கையில் ஆவணமும் இராது. முதலில் முன்ஜாமீன். நிபந்தனையாக ஒரு தொகை கட்டச் சொல்வதுண்டு, அதற்குத் தயாராக இருங்கள். அந்த இடைவெளியில் தகவல் உரிமை மனுக்களும் 23ஏ மனுவும். குற்றப்பத்திரிகை வந்ததும் மகஜர், அளவு அறிக்கை, வாக்குமூலங்கள் நகல் கிடைத்துவிடும். ரத்து மனுவுக்கு அதுதான் நேரம். குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் விடுவிப்பு மனுப் போட்டு உங்கள் தகவல் உரிமைத் தாள்களைக் காட்டினால் பயனில்லை. அந்தக் கட்டத்தில் குற்றம்சாட்டப்பட்டவர் தரப்பு ஆவணத்தைப் பார்க்கக் கூடாது என்று 2004-லேயே தேபேந்திர நாத் பாதி வழக்கில் சொல்லியாகிவிட்டது. அவற்றைக் காட்டும் இடம் உயர் நீதிமன்றம், அல்லது விசாரணையில் வி.ஏ.ஓ.வையும் புலனாய்வு அதிகாரியையும் குறுக்கு விசாரணை செய்யும்போது. அங்கே "ஏன் அவர்களை விட்டீர்கள்?" என்று கேட்க வேண்டியதில்லை. "அந்த நாலு குழியையும் அளந்தீர்களா? இந்தக் குழி எப்போது வெட்டியது என்று எப்படித் தெரிந்தது?" என்று கேட்டால் போதும்.

திருப்பூர், ஈரோடு, கோவை, நாமக்கல் மாவட்டத்து வழக்கு என்றால் ரத்து மனுவும் ரிட்டும் சென்னையில் போட வேண்டும். கரூர், திண்டுக்கல் மாவட்டங்கள் என்றால் மதுரைக் கிளை. தாராபுரத்துக்குப் பக்கத்திலேயே மாவட்ட எல்லை இருப்பதால், குழி எந்தப் பக்கம் விழுகிறது, எந்தக் காவல் நிலையம் பதிவு செய்தது என்பதைப் பார்த்துவிட்டு வக்காலத்துக் கொடுங்கள்.